நாங்கு மரத்தில் கிளி கத்தியது

கிளி வந்துவிட்டது. எப்போது வந்தது என்று ஜெயக்கொடிக்குத் தெரியவில்லை. பைனாகுலரில் படிந்த பனியைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடி கண்ணில் வைத்தபோது நாங்கு மரத்தின் பட்டுப்போன கிளையில் அது உட்கார்ந்திருந்தது, விடிவதற்கு முன்பிருந்தே இங்கேதான் இருக்கிறேன் என்பதைப் போல. ஆண்தான். மேல் அலகு பவளச் சிவப்பு, சாம்பல் தலை, கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம், அதற்கு அடியில் அந்த நீலப்பச்சை. இத்தனை வருடம் பார்த்தும் அந்த நிறத்துக்கு அவளுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. மயில்கழுத்து என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், அது இல்லை. கம்பத்து ஜவுளிக்கடை ஒன்றில் வெகுநேரம் புடவைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தபோது, என்ன கலருக்கா வேணும் என்று கடைப்பெண் கேட்டாள். கிளி கலர் என்று இவள் சொல்ல, அந்தப் பெண் பச்சைப் பச்சையாக எடுத்துப் போட்டாள். கிளி என்றால் பச்சை. எல்லோருக்கும் அப்படித்தான். தென்னந்தோப்பில் கூட்டமாகத் திரிகிற கிளியைத்தான் எல்லோருக்கும் தெரியும். இது மலைக்கிளி. இந்த மேற்கு மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. சிறகில் நீலம், வாலில் நீலம், வால் நுனியை மட்டும் யாரோ மஞ்சளில் தோய்த்து எடுத்தாற்போல. சமவெளிக்கு இது இறங்கி வராது. அங்கேயிருக்கிற கிளிதான் மேலே ஏறி வரும், காட்டை வெட்டித் தேயிலை போட்ட வழியாகவே ஏறி வந்து இதன் பொந்தைப் பிடுங்கிக்கொள்ளும். இது கொஞ்சம் சண்டை போட்டுப் பார்க்கும், அப்புறம் காட்டுக்குள் இன்னும் உள்ளே போய்விடும். அதன் பின்னாலேயே அவளும் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போய்த்தான், தை பிறந்தால் மேகமலைச் சரிவில் இந்த மரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

சத்தமே போடாமல் வந்திருக்கிறாயே, என்றாள் மனசுக்குள். கிளியிடம் அவள் ஒருமையில்தான் பேசுவாள். முன்னெல்லாம் உன் கூட்டம் இப்படியா வரும்? அவள் ஆராய்ச்சிக்கென்று முதன்முதலாக இந்தச் சரிவுக்கு வந்த காலத்தில் கிளியைத் தேட வேண்டியதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கமிருந்து ஒரு கீறல் மாதிரிக் கிளம்பும், பக்கத்தில் வர வரப் பத்துப் பேர் சேர்ந்து தகரத்தை இழுப்பது மாதிரி ஆகும், தலைக்கு மேலே கடக்கும்போது உடம்பு முழுக்கக் கூசும். கடந்த பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். இப்போது அது இல்லை. காடு அடங்கிவிட்டது. இரண்டு வருடமாக அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கிளிகள் குறைகின்றன, இருக்கிற கிளிகளும் பேச்சைக் குறைத்துவிட்டன. பொந்துக்குள் அடைகாக்கிறவளுக்கு வெளியில் யார் வந்திருப்பது என்று எப்படித் தெரியும்? உள்ளே இருட்டு. ஆண் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து குரல் கொடுக்கும், அவள் தலையை நீட்டிப் பார்ப்பாள், வெளியே வருவாள், அது தொண்டையிலிருந்து எடுத்து எடுத்து ஊட்டும், அத்தியோ கல்யாண முருங்கைப் பூவின் தேனோ. முட்டையில் உட்கார்ந்திருக்கிற நாளெல்லாம் அவளுக்கு அந்தச் சாப்பாடுதான். அதனால் அந்தக் குரல் இல்லாமல் இந்தக் குடும்பமே இல்லை என்று ஜெயக்கொடி கல்லூரியில் விலங்கியல் வகுப்பில் வருடம் தவறாமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் போன வருடத்திலிருந்து இந்த நாங்கு மரத்தில் வேறு மாதிரி நடக்கிறது. ஆண் வருகிறது, உட்காருகிறது, தொண்டை மட்டும் துடிக்கிறது, கூப்பிடாமலேயே பெண் வெளியே வந்துவிடுகிறாள். ஒலியை நிறுத்திவிட்டு டிவி பார்க்கிற மாதிரி. மதுரையில் கல்லூரிக் கூட்டமொன்றில் அவள் இதைச் சொன்னாள். மனிதன் நெருங்க நெருங்க இந்தப் பறவை மௌனமாகிக்கொண்டு வருகிறது, மௌனம்தான் இதன் புதிய தற்காப்பு என்று சொன்னபோது நிறையக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் நன்றாகக் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜாங்கம் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். அவள் பைனாகுலரை இறக்கினாள். அவளுடைய வீட்டுக்காரர் அவளோடு காட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. எப்போதும் கூட வருகிற வனக்காவலர் பெருமாளுக்குக் காய்ச்சல். யானை நடமாட்டம் இருக்கிறது, தனியாக விடமாட்டோம் என்று வனத்துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் தபால் நிலையத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். வருகிறேன் என்று அவரே சொன்னதே அவளுக்கு ஆச்சரியம். இரண்டு வருடமாக அவர்கள் வீட்டில் அவ்வளவாகப் பேச்சு இல்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சு இல்லை, அவ்வளவுதான். காலையில் இட்லிக்குச் சட்னி இருக்கிறதா என்று கேட்பார், இருக்கிறது என்பாள். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து இப்படி ஆகிவிட்டது, ஐம்பதைத் தாண்டிய ஆண்களெல்லாம் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, காது குளிருதா?" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "குளிரா? யாத்தே, இந்தக் கத்து கத்துது. காதக் கிழிச்சிரும் போலருக்கு. நீ எப்படித்தான் வருசக்கணக்கா ஒக்காந்து கேக்குறியோ."

"எது?"

"எதுவா? உன் கிளிதான்."

அவள் கிளியைப் பார்த்தாள். கிளையில் அப்படியேதான் இருந்தது. அலகு திறந்திருந்தது. தொண்டை துடித்தது. பொந்தின் வாயில் பெண் தலையை நீட்டினாள், கறுத்த அலகு, வளையத்தில் நீலப்பச்சை இல்லை, பெண்தான். வெளியே வந்தாள். ஆண் தலையை மேலும் கீழும் ஆட்டி எதையோ எக்கி எடுத்து அவள் வாயில் வைத்தது. ம், என்றாள் ஜெயக்கொடி. பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டாள். கண்ணில் வைத்திருந்தாளே தவிர எதையும் பார்க்கவில்லை, பனியும் இலையும் ஒரே பச்சைக் கலங்கலாக ஓடியது.

இவருக்கு என்ன தெரியும், பறவைச் சத்தத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும், வேறு ஏதாவது கத்தியிருக்கும், கருங்குரங்கு கத்தியிருக்கும். கருங்குரங்கு கத்தினால் எனக்குக் கேட்குமே. இதோ கேட்கிறதே, கீழே பள்ளத்தில் ஹூம் ஹூம் என்று ஒரு கிழட்டு ஆண் குரங்கு, நன்றாகக் கேட்கிறது. மலைப்புறா நெஞ்சுக்குள்ளிருந்து முனகுவது கேட்கிறது. ஓடையில் தண்ணீர் இடறி விழுவது கேட்கிறது. காற்று கேட்கிறது. காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இவர் பேசுவதுகூடக் கேட்டதே. கேட்டதா? திரும்பி முகத்தைப் பார்த்தபோதுதான் கேட்டது. சரி, எல்லோரும் முகத்தைப் பார்த்துத்தானே பேசுகிறார்கள். இல்லை. எல்லோரும் அப்படிப் பேசுவதில்லை. சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுவார்கள், மாடிப்படியில் நின்றுகொண்டும் பேசுவார்கள். அப்பா எப்போதும் முகத்தைத்தான் பார்ப்பார். அப்பா. இல்லை, அப்பாவை இதற்குள் கொண்டு வரக் கூடாது. அப்பா தேனி நூற்பாலையில் முப்பது வருடம் இருந்தவர், அந்த இரைச்சலில் யாருடைய காதும் போகும், மில்லில் அவரோடு இருந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், சுருளி மாமா, ஆறுமுகம் மாமா, எல்லோரும். வீட்டுக்கு வந்தால் தெருவே கேட்கும்படி பேசுவார்கள். அப்பா டிவியை வைக்கிற சத்தத்துக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிடுவார்கள், இங்கே ஓடுவதே அங்கே கேட்கும். பள்ளிக்கூடத்துத் தோழிகள் வந்தால் அவளுக்கு அவமானமாக இருக்கும். அப்பா சிரித்த முகத்தோடு ஒவ்வொருத்தி வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார், எல்லோரும் சிரித்தால் தாமும் சிரிப்பார், ஒரு கணம் தாமதமாக. அந்த ஒரு கணம். அந்தத் தாமதம் அவள் மனசில் முள்ளாகக் கிடக்கிறது. அப்பா மில்லில் காதைத் தொலைத்தார். நான் எந்த மில்லில் வேலை பார்த்தேன்? விலங்கியல் துறையில் ஃபார்மலின் வாடைதான் உண்டு, இரைச்சல் கிடையாது. அப்படியானால் மில் இல்லை. அப்பாவுக்கும் மில் இல்லையோ. ரத்தத்திலேயே இருந்திருக்குமோ. ரத்தத்தில் இருந்தால் எனக்கு வந்தது என் மகளுக்கும்.

சில்வண்டு. அவளுக்குத் திடீரென்று சில்வண்டு ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில் மாடியில் நின்றுகொண்டு, கம்பத்தில் சில்வண்டே இல்லாமல் போய்விட்டது, கவனிச்சீங்களா, எல்லாம் இந்தத் தெருவிளக்கால் வந்தது என்று அவரிடம் சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. சொன்னாரோ என்னவோ. அப்புறம் கொசு. இந்த வருடம் கொசுவே இல்லை என்று சொல்லிக்கொண்டே கையைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறாள். கடிக்கிற கொசு பாடாமல் கடிக்குமா? விலங்கியல் படித்தவள். பரிசோதனைக் கூடத்தில் மாணவிகள் பின்னால் கூடிக் கூடிச் சிரிப்பது, அவள் திரும்பினால் சட்டென்று முகம் மாறுவது, என்னைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று ஒரு நாள் இரண்டு பேரை வெளியே நிறுத்தினாள். அதில் ஒருத்தி அழுதாள். மேடம், உங்களைத்தான் மேடம் கூப்பிட்டோம், பர்னரை அணைக்கலன்னு. அவள் நம்பவில்லை. பிறகு அந்தக் காட்டுமாடு. போன மாதம் ஓடைக்கரையில் பெருமாள் அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மரத்துக்குப் பின்னால் தள்ளினார். இழுத்த இழுப்பில் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. புதரை விலக்கிக்கொண்டு அது வந்தது, மலை நகர்ந்து வருவது மாதிரி, கறுப்பாக, மூச்சிலிருந்து ஆவி வர. அது போன பிறகு பெருமாள் கோபமாகவே கேட்டார், என்ன மேடம், அம்புட்டுச் சுள்ளி ஒடியுது, நின்னுக்கிட்டே இருக்கீங்க? கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் எப்போதும் அவளுக்கு முன்னால் நடக்காமல் பக்கத்திலேயே நடந்தார். அவருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் பக்கத்தில் நடந்தாரோ? காடு அடங்கவில்லையோ. காடு கத்திக்கொண்டேதான் இருக்கிறதோ. நான் மதுரையில் மேடையில் நின்று சொன்னது, அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது, அதெல்லாம், அதெல்லாம் என் காதோ. கிளி குறைகிறது என்று எதை வைத்துச் சொன்னேன்? விடியற்காலையில் நின்று எண்ணுகிறபோது பனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதால்தான் எண்ணுவது. காதால் எண்ணியதில் குறைந்தது. இந்தச் சரிவிலிருந்த கிளிகளையெல்லாம் நான்தான் ஒவ்வொன்றாக அழித்தேன், இந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, எனக்கே தெரியாமல்.

பைனாகுலரை மடியில் இறக்கினாள். பக்கத்தில் ராஜாங்கம் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றி அவள் முழங்கைக்கு அருகில் நீட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருக்கிறாரோ. வாங்கிக் குடித்தாள். நாங்கு மரத்தின் இளந்தளிர்கள் உச்சியில் சிவப்பாகத் தொங்கின, மேலே வெயில் படத் தொடங்கியிருந்தது, கீழே இன்னும் பனி. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கிறார். மரத்தைப் பார்த்தபடி, தணிந்த குரலில், அவர் எப்போதும் பேசுகிற அந்தப் பஞ்சுக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் அந்தக் குரல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, கத்திக் கத்திப் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள் அல்லவா. இப்போது அதில் பாதிதான் வந்தது, நடுவில் எழுத்துகள் உதிர்ந்து உதிர்ந்து, "...மாசம் நான் ...குடி ...போய்ட்டா யாரு..." 

"என்னங்க சொன்னீங்க?"

அவர் திரும்பினார். "அடுத்த மாசம் நான் பரமக்குடி போயிட்டா உன்கூட யாரு வருவான்னு கேட்டேன். பெருமாளுக்கும் ஒடம்பு சரியில்லங்கிற."

"பரமக்குடிக்கு எதுக்குப் போறீங்க?"

அவர் முகத்தில் ஏதோ இறுகியது. "வெளையாடுறியா, ஜெயா?"

"இல்லங்க. நெசமாத்தான் கேக்குறேன்."

"பதவி உயர்வுல மாத்தல் போட்டுருக்காங்க, ரெண்டு வருசம் அங்கிட்டுத்தான் இருக்கணும், போகட்டுமான்னு தீபாவளி முடிஞ்ச வாரம் உங்கிட்டக் கேட்டனே. நீ ஒண்ணுமே சொல்லல. வெளக்க அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்ட. சரி, இவளுக்கு நம்ம போறதுதான் நல்லதுன்னு படுது போலன்னு மறுநாளே சரின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் மறுபடி மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருக்கு அது முடிந்துபோன விஷயம். தீபாவளி முடிந்த வாரம். அவளுக்கு அந்த இரவு ஞாபகம் இருந்தது, எதுவும் நடக்காத இரவாக. விடைத்தாள் திருத்திவிட்டுக் கண் எரிய விளக்கை அணைத்தாள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், அவள் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். ஏன் போகிறார் என்று நினைத்தாள், வெக்கையாக இருக்கும் என்று நினைத்தாள், மழைக்காலத்தில் என்ன வெக்கை. அதற்குப் பிறகு அவர் அங்கேயேதான் படுக்கிறார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட விஷயத்தை அவரால் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது, அவர் அப்படிப்பட்ட ஆள், பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூடச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத்தான் என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டார். எத்தனை நாள் இப்படி என் முதுகிடம் பேசியிருப்பார். பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றுவிட்டுப் போவாரே, சும்மா நின்றுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேனே, சும்மாவா நின்றிருப்பார். ஸ்கூட்டரில் போகும்போது முன்னால் அவர் தலை லேசாக ஆடுமே, அது பேச்சு. பதில் வராமல் வராமல் ஒரு மனிதன் மெதுவாக நிறுத்தியிருக்கிறான். முதலில் கதையை நிறுத்தியிருப்பார், அப்புறம் கேள்வியை, கடைசியில் சட்னியில் வந்து நின்றிருக்கிறது. வீடு அமைதியாகிவிட்டது, காடு அமைதியாகிவிட்டது, ஊரே அமைதியாகிவிட்டது என்று நான் ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். காதில் மிஷின் வைப்பார்கள். வகுப்பில் அந்தப் பெண்கள் பார்ப்பார்கள். கிளியை எண்ணுகிற வேலை போய்விடும், காது கேட்காதவளை யார் கிளி எண்ண விடுவார்கள். எல்லோரும் சிரித்த பிறகு நான் சிரிப்பேன், ஒரு கணம் தாமதமாக. சொல்லாவிட்டால் இவர் பரமக்குடிக்குப் போய்விடுவார். போனில் பேசுவார். போனில் எனக்கு வாய் தெரியாது. கிளையில் ஆண் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. அலகு திறந்தது. பொந்திலிருந்து அவள் வந்தாள். இருட்டுக்குள் இருந்த அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"என்னங்க," என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது என்று அவர் திடுக்கிட்டதிலிருந்து தெரிந்தது. "எனக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

"இந்தக் கிளி கத்துறது. எனக்குக் கேக்கவே இல்ல."

"இப்பக் கத்துதே."

"இப்பவா?"

அவர் அவளைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். அது அலகை மூடிக்கொண்டது. "இப்ப நிறுத்திருச்சு," என்றார் மெதுவாக. பிறகு அதையே இன்னொரு முறை, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். அந்த இரண்டாவது முறையில்தான் அவருக்கே புரிந்தது போலிருந்தது. கையிலிருந்த பிளாஸ்கின் உள்மூடியைத் திருகினார், மறுபடி திறந்தார்.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது?"

"கேக்கல."

"அடுப்படில வந்து சொல்றதெல்லாம்?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எத்தன நாளா, ஜெயா?"

"தெரியலங்க. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். நீங்க காதப் பொத்துனீங்கல்ல, அப்பத்தான்."

"நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்," என்றார். அவர் என்னென்ன நினைத்தார் என்பது அந்த முகத்திலேயே ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தது. அவருடைய காலர் மடங்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கழுத்துத் தோல் சுருங்கியிருந்தது, எப்போது சுருங்கியது. இத்தனை நாளில் இவரை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். கிளியின் கழுத்தில் இறகு இறகாகத் தெரியும் எனக்கு.

"கேளுங்க," என்றாள்.

"எத?"

"அன்னைக்குக் கேட்டத. இப்பக் கேளுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாரோ இருப்பது போல. நடுக்காட்டில் மரங்களுக்கு முன்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கல்லில் நகர்ந்து அவளுக்கு நேரெதிராக உட்கார்ந்துகொண்டார், முழங்கால் இடிக்கிற மாதிரி. "பரமக்குடிக்கு மாத்தல் வந்துருக்கு, ஜெயா," என்றார் சத்தமாக. "ரெண்டு வருசம். நான் போகட்டுமா?" அந்தச் சத்தத்துக்கு நாங்கு மரத்திலிருந்து ஆண்கிளி கிளம்பிப் பள்ளத்தின் மேல் சரிந்து போனது, வெயில் பட்ட இடத்தில் சிறகு நீலமாக ஒரு தடவை திரும்பியது.

போகாதீர்கள் என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அவர் எத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பதவி அது, ஒரு வார்த்தையில் எடுத்துவிட இவள் யார், காது போனதைக் காட்டி ஒருவரைக் கட்டிப்போடுவதா, அப்பாகூட அம்மாவை அப்படித்தான், எங்கேயும் விடமாட்டார், கூடவே இருக்க வேண்டும், கடைக்காரன் சொல்வதைத் திருப்பிச் சொல்ல. இல்லை, அப்படி ஆகக் கூடாது. ஆனாலும் போகாதீர்கள். "எனக்கு நீங்க போறது பிடிக்கல," என்றாள். "அது ஒண்ணு. அப்புறம் போறதா வேணாமான்னு வீட்டுல போய்ப் பேசுவோம். நெறையாப் பேசணும். ஆனா என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. காலண்டரப் பாத்துப் பேசாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். திடீரென்று அவர் தலை நிமிர்ந்தது. கையைத் தூக்கி, இரு என்பது போல் அவள் முன்னால் நிறுத்தினார். "வருது," என்றார்.

"என்னது?"

"அந்தப் பக்கம். நெறையா வருது."

அவர் விரல் காட்டிய பக்கம் பார்த்தாள். வெறும் பனி. பள்ளத்தாக்கின் மறுபக்கம் வெள்ளையாக எழும்பி நின்றது. ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்தன. முதலில் கொஞ்சம், அப்புறம் அதன் பின்னால், அதன் பின்னால், நீண்ட வால்களும் அந்த அவசரமான சிறகடிப்புமாக, தலைக்கு மேலே நாங்கு மர உச்சியின் சிவப்புத் தளிர்களை உரசிக்கொண்டு ஒரு பெருங்கூட்டமே போனது. ராஜாங்கம் மறுபடி காதைப் பொத்திக்கொண்டிருந்தார், பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குக் காற்று மட்டும் கேட்டது. எவ்வளவு இருக்கும், எண்ணவில்லை, எண்ண மறந்துவிட்டது. குறையவில்லை. இத்தனை பேர் இருக்கிறீர்கள். இவ்வளவு நாளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். மதுரைக்காரர்களிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னது தப்பு, அங்கே ஒன்றும் அடங்கவில்லை, காதைக் கிழிக்கிறது, என் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது அவமானமாக இருக்கும். இருக்கட்டும். அவள் அழுதுகொண்டிருந்தாள், அது துக்கமா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. காது போனது துக்கம்தான். காடு போகவில்லை. ஒரே காலையில் இரண்டும் தெரிந்தால் மனுஷி எதற்கென்று அழுவது.

"எப்படிக் கத்துச்சு?" என்று கேட்டாள், கூட்டம் போன பிறகு.

அவர் யோசித்தார். "நம்ம தெருமுக்குல சாணை பிடிக்க வருவான்ல, அவன் கத்திய வைக்கிறப்ப வருமே. அது மாதிரி. நூறு சாணைக்காரன் ஒண்ணா வந்த மாதிரி."

தகரம் என்று அவள் வைத்திருந்த இடத்தில் சாணைக்கல்லை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தகரத்தைவிடச் சரியாக இருந்தது.

வெயில் ஏறி, பெண்கிளி பொந்துக்குள் போய்விட்ட பிறகு அவர்கள் இறங்கினார்கள். ஒற்றையடிப் பாதை, இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ராஜாங்கம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, முழுசாகத் திரும்பி, கோயம்புத்தூரில் மகளுக்கு விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லையாம் என்று சொன்னார். திரும்பி நடந்தார். நான்கு அடி போனதும் மறுபடி நின்று திரும்பி, தபால் நிலையத்தில் ஒருவர் தினமும் வந்து தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்கிற கதையை ஆரம்பித்தார். கதை நீளமாக இருந்ததால் நின்று சொல்லப் பொறுமை இல்லாமல் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார், ஒரு கையால் கிளைகளை விலக்கிக்கொண்டு, மறுகையால் அந்த ஆள் தபால்தலை ஒட்டுவதைக் காட்டிக்கொண்டு. ஒரு வேர் காலில் தட்டித் தடுமாறி, மரத்தைப் பிடித்துச் சமாளித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"பாதையப் பாத்து நடங்க," என்றாள் ஜெயக்கொடி.

"நடக்கிறேன், நடக்கிறேன். நீ கேளு," என்றார் அவர், அவளைப் பார்த்தபடியே இன்னொரு அடி பின்னால் வைத்து.